ங்

நசியனூர் ரோட்டுக் குடோனில்
பதினோரு வருசமாகச் சிட்டை எழுதுகிறேன்.
எந்த ஊர் மஞ்சள் என்பதை
மூக்கு சொல்லிவிடும்.
எந்த ஆளுக்கு என்ன விலை என்பதை
முதலாளி வாயில் விழும்
ஒரு 'ங்' சொல்லிவிடும்.

லாரி செட்டுக்காரர் வந்தால்
"வாங்கோ, உக்காருங்கோ, மோர் குடிக்கறீங்ளா?"
பேங்க் மேனேஜருக்கும் அதே ங்தான்,
கொஞ்சம் நெய் விட்டது.
மூட்டையோடு வந்து நிற்கும் காட்டுக்காரருக்குப்
பாதி ங்.
விரலி ஒன்றை எடுத்து
இரண்டாக ஒடித்து, முகர்ந்து,
ஒன்றும் சொல்லாமல்
கீழே போடுவார் சென்னியப்பன்.
அந்தத் துண்டு தரையில் விழும் சத்தத்தில்
குவிண்டாலுக்கு ஐந்நூறு குறையும்.

சுமை தூக்கும் கருப்பணனுக்கு ங் கிடையாது.
முதலாளியைவிட ஒம்பது வயசு மூப்பு.
"டே கருப்பா, கையென்ன பூப்பறிக்குதா?"
கருப்பணன் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு
"ஆகட்டுமுங்க.
மொதலாளி சொன்னா
செரியாத்தானுங்க இருக்குமுங்க.
மொதலாளிக்குத் தெரியாததுங்களா?"
என்பார்.
எண்ணிப் பார்த்திருக்கிறேன், நாலு ங்.
நாலும் செருப்புக்குள் போன கல்.
உதறி உதறி நடப்பார் சென்னியப்பன்,
எது குத்துகிறதென்று தெரியாமல்.

போன தையில்
ஒடிசாவிலிருந்து ஹாடிபந்து வந்தான்.
பேர் வாயில் நுழையவில்லையென்று
'இந்தி' ஆக்கினார்கள்.
தன் பாஷை இந்தி இல்லையென்று
ஒரு தரம் சொன்னான்,
தன் பாஷையில்.

பாலிஷ் டிரம் உருளும் இரைச்சலில்
தமிழ் படித்தான்.
தன் மேல் வந்து விழுந்ததையெல்லாம்
ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டான்.
எடு. தூக்கு. என்ன பாக்கறே.
சோறுதான திங்கறே.
ஏழு மாசத்தில்
பேச்சு தண்ணியாய் ஓடியது.

ஆவணியில் ஒரு மத்தியானம்
வெளியூர் ஏற்றுமதிக்காரர் நாலு பேர்
மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
வாசலில் வந்து நின்றான், சிரித்த முகமாய்:
"டே மொதலாளி! லாரி வந்திருச்சு.
என்ன பாக்கறே, வா!"

டிரம் நின்றுவிட்டது போலிருந்தது.
நிற்கவில்லை.
சென்னியப்பன் டம்ளரை வைத்தார்.
காது மடல் சிவந்தது.
"எவன்டா இவனுக்கு இப்பிடித் தமிழ்
சொல்லிக் குடுத்தது?"
கருப்பணன் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.
ஊசியை நிறுத்தாமல்,
"நம்ம குடோன்லதானுங்க படிச்சான்."
ஏற்றுமதிக்காரர் ஒருவருக்குப் புரையேறியது.

சாயங்காலம் என்னிடம் அனுப்பினார்கள்.
"இவனுக்கு மரியாதி சொல்லிக் குடு புள்ள."
வாங்க என்றேன். போங்க, செரிங்க.
சொல்லிப் பார்த்தான்.
ங் அவன் மூக்கில் ஏற மறுத்து
தொண்டையிலேயே நின்றது.
"இது யாருக்கு?" என்றான்.
முதலாளிக்கு. லாரிக்காரருக்கு. வருகிறவர்களுக்கு.
"கருப்பணன்?"
கொஞ்சம் பொறுத்து, ஆமாம் என்றேன்.
"எனக்கு?"
பேனா மூடி எங்கோ உருண்டுவிட்டது,
குனிந்து தேடினேன்.
வெகுநேரம் தேடினேன்.

மறுநாள் கூலிச்சீட்டுக்கு வந்தான்.
மேசைக்கு முன்னால் நின்று,
என்னைப் பார்க்காமல்,
வலது கையை நீட்டி
இரண்டே இரண்டு விரலை அசைத்து
"ஏய்" என்றான்.
கோபமில்லை அதில்.
இந்த மேசையில்
சீட்டு இப்படித்தான் கேட்பது
என்று நினைத்திருக்கிறான்.

முதலாளி அப்படி விரல் அசைப்பதில்லை.
கருப்பணன் இல்லை.
டிரம் ஓட்டுகிறவன் இல்லை.

மஞ்சளேறிய என் இரண்டு விரலை
மேசைக்கடியில் வைத்துக்கொண்டு
இடது கையால்
அவன் சீட்டைத் தேடினேன்.